டெல்டா சேற்றுக்கு ஏற்ற டயர்: உயர்த்திய ஜீப்புக்கு அளவு பார்ப்பது எப்படி?

லிஃப்ட் கிட்டை (வண்டியை உயர்த்தும் பாகங்களை) மாட்டி முடித்துவிட்டு, "இதுக்கு எந்த டயர் போகும்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். சட்டையைத் தைத்து வைத்துவிட்டு ஆளைத் தேடுகிற கதை இது. ஓடப்போகும் மண்ணைப் பார்த்து டயரை முடிவு செய்ய வேண்டும். அந்த டயர் உரசாமல் சுற்ற எவ்வளவு இடம் வேண்டும் என்று அளக்க வேண்டும். வண்டியை எவ்வளவு தூக்குவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். இந்த வரிசை மாறினால் பணம் இரண்டு முறை செலவாகும்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் அறிவுரை எல்லாம் பாறை ஏறுகிறவர்களுக்கானது. நம் ஊரில் பாறை ஏது? இங்கே இருப்பது களிமண்ணும் மணலும் தண்ணீரும்தான். பாறைக்கு நல்லதென்று சொல்லப்படும் அகல டயர் இங்கே பல இடங்களில் வில்லன்.

மண் என்ன கேட்கிறது

வயலில் இருந்தே தொடங்கலாம். வருடா வருடம் சேடை ஓட்டிய (தண்ணீர் கட்டிச் சேறாக உழுத) நெல் வயலில் மேலே குழம்பு மாதிரி சேறு இருக்கும். ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில், 15 முதல் 20 செ.மீ. கீழே, உழவுக்கால் படாமல் இறுகிய கெட்டி மண் இருக்கும். தண்ணீர் கீழே இறங்காமல் வயலில் நிற்பதே அந்த அடுக்கால்தான். மெல்லிய, உயரமான டயர் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி அந்தக் கெட்டியைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேல் மிதக்கப் பார்க்கும். ஒன்றரை டன் எடைக்கு மிதக்கவும் முடியாது, இறங்கிப் பிடிக்கவும் முடியாது, நின்ற இடத்திலேயே சுற்றும். டூ வீல் டிரைவ் டிராக்டரின் முன் சக்கரம் ஏன் அவ்வளவு ஒல்லி, பின் சக்கரம் ஏன் அவ்வளவு உயரம் என்று ஒரு முறை நின்று பாருங்கள்.

வாய்க்கால் கரைச் சாலையும் இதே கதைதான். அடியில் கெட்டி, மேலே நாலு விரல் வழுக்கல். கூடவே அகலப் பிரச்சினை. கிளை வாய்க்கால் கரைகள் பலவற்றில் டிராக்டர் போகும் அளவுக்குத்தான் தடம். டயர் பக்கத்துக்கு 40 மி.மீ. வெளியே நீட்டினால், மழையில் கரைந்து நிற்கும் ஓரத்தில்தான் அது ஏறும். ஓரம் சரிந்தால் வண்டி வாய்க்காலில்.

மணல் வேறு. கொள்ளிடத்து மணலோ கடலோர மணலோ, அங்கே டயர் பரந்து உட்கார வேண்டும். ஆனால் அந்தப் பரப்பை அகல டயர் தருவதில்லை, காற்றைக் குறைப்பதுதான் தருகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ என்று வையுங்கள். டயர் காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. அப்படியானால் டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 214 சதுர செ.மீ. டயர் 215 ஆனாலும் 265 ஆனாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. டயர் சுவரின் விறைப்பால் எண் சற்று முன்பின் ஆகலாம், போக்கு இதுதான். காற்றை இறக்க வசதியாகப் பக்கச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். அதனால் 18, 19 இஞ்ச் ரிம்மைவிட 15, 16, 17 இஞ்ச் ரிம் மணலில் கைகொடுக்கும்.

அலையாத்திக் காட்டுப் பக்கத்து உளைச் சேற்றுக்கு அடியே கிடையாது. அங்கே எந்த அளவும் உதவாது. கோடியக்கரை சரணாலயத்துக்குள்ளும், பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் நாகைக் கடற்கரை மணலிலும் வண்டியை இறக்கவே கூடாது.

ஆக, டெல்டாவில் தேட வேண்டியது உயரம் கூடிய, அகலம் அதிகம் கூடாத டயர். மிச்சக் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

டயர் மேல் எழுதியிருப்பதைக் கணக்காக மாற்றுதல்

255/65 ஆர்18 என்றால் அகலம் 255 மி.மீ. பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ரிம் விட்டம் 18 இஞ்ச். மொத்த விட்டம் காண ரிம்மை 25.4-ஆல் பெருக்கி, பக்கச்சுவரை இரண்டு முறை கூட்டுங்கள்.

18 × 25.4 = 457.2
255 × 0.65 = 165.75; இரண்டு பக்கத்துக்கு 331.5
மொத்தம் 788.7 மி.மீ., அதாவது சுமார் 31 இஞ்ச்.

நம் பக்கம் அதிகம் ஓடும் வண்டிகளுக்கு இதே கணக்கு:

ஜிம்னியின் கம்பெனி அளவு 195/80 ஆர்15, விட்டம் 693. அதற்கு 215/75 ஆர்15 போட்டால் 703.5, வெறும் 10 மி.மீ. வித்தியாசம். 235/75 ஆர்15 போட்டால் 733.5, அதாவது 40 மி.மீ. அல்லது 5.8 சதவீதம் அதிகம்.

பொலிரோவுக்கு 215/75 ஆர்15. 235/75 ஆர்15க்குப் போனால் 30 மி.மீ. கூடும்.

2020-க்குப் பிறகு வந்த தாரில் 18 இஞ்ச் ரிம் என்றால் 255/65, விட்டம் 788.7. 265/65 ஆர்18 போட்டால் 801.7. 255/70 ஆர்18 போட்டால் 814.2. 265/70 ஆர்18 போட்டால் 828.2. ரிம்மை 17-க்கு இறக்கி 265/70 ஆர்17 போட்டால் 802.8.

2020-க்கு முந்தைய பழைய சிஆர்டிஇ (டீசல்) தாரில் 235/70 ஆர்16, விட்டம் 735.4. 245/75 ஆர்16 போட்டால் 773.9.

இதில் 255/70 ஆர்18-ஐக் கவனியுங்கள். அகலம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை, விட்டம் 25 மி.மீ. கூடியிருக்கிறது. நம் மண்ணுக்குத் தேவையான மாற்றம் இந்த வகைதான். கடையில் பெரும்பாலும் 265, 275 என்று அகலத்தைத்தான் முதலில் காட்டுவார்கள், ஏனென்றால் பின்னாலிருந்து பார்த்தால் அதுதான் கெத்து.

இது காகிதக் கணக்கு. ஒரே அளவிலேயே கம்பெனிக்குக் கம்பெனி, மட் டெரெய்ன் (சேற்றுக்கான) வகைக்கும் ஹைவே வகைக்கும் சில மில்லிமீட்டர் மாறும். மட் டயரின் தோள் கட்டைகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும், உரசுவது அதுதான். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

லிஃப்ட் தருவதும் தராததும்

ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடியும் சேஸிஸும் மேலே போகும். திட ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள வண்டியில், அதன் நடுவே பல் சக்கரங்கள் இருக்கும் குடமான டிஃபரன்ஷியல் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். ஹவுசிங்குக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டுவது டயர் மட்டுமே, அதுவும் கூடிய விட்டத்தில் பாதிதான். 40 மி.மீ. பெரிய டயர் என்றால் ஹவுசிங்குக்கு 20 மி.மீ. கிடைக்கும். டிராக்டர் டிரெய்லர் போட்ட பள்ளத் தடத்தில் நடு மேடு ஹவுசிங்கைத் தட்டுகிறதா இல்லையா என்பது இந்த 20 மி.மீ.யில் இருக்கிறது. 75 மி.மீ. லிஃப்ட் போட்டுக் கம்பெனி டயரோடு ஓட்டுகிறவர் அந்த இடத்தில் ஒன்றும் சம்பாதிக்கவில்லை.

பலர் தவறவிடும் விஷயம் அடுத்தது. ஸ்பிரிங் லிஃப்ட் போட்டால் நிற்கும்போது டயருக்கு மேலே இடம் தெரியும். ஆனால் பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது, டயர் பழைய உயரத்துக்கே ஏறும். தடுப்பது பம்ப் ஸ்டாப் ரப்பர், அது பழைய இடத்தில்தான் இருக்கிறது. விளைவு: வாசலில் நிற்கும்போது கை போகும் அளவு இடம், ஸ்பீடு பிரேக்கரில் "டர்ர்" என்று ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு) கிழியும் சத்தம். பெரிய டயருக்கு ஸ்பிரிங் லிஃப்ட் போட்டால் பம்ப் ஸ்டாப்பையும் கீழே இறக்க வேண்டும். பாடி லிஃப்டில் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே கட்டை வைப்பதால், முழுக்க அமுங்கினாலும் அந்த இடம் உண்மையிலேயே கூடும். ஆனால் ஸ்டீயரிங் ஷாஃப்ட், கியர் லிவர், ரேடியேட்டர் கவசம், பம்பர் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டி வரும்.

எவ்வளவு தூக்கலாம்? முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், இப்போதைய தார் போல, 40 முதல் 50 மி.மீ.க்கு மேல் போனால் சக்கரத்தைத் தாங்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மை மாற்றாமல் கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்) சரிக்கு வராது. டிரைவ் ஷாஃப்ட் மூட்டு அதிகச் சாய்வான கோணத்தில் ஓடி, ரப்பர் பூட் கிழிந்து, சேறு உள்ளே போய், கொஞ்ச நாளில் வளைவில் "கடகட" சத்தம் வரும். ஜிம்னியில் முன்னும் பின்னும் திட ஆக்சில். அங்கே 50 மி.மீ. தூக்கினால் ஆக்சில் பக்கவாட்டில் நகரும், அதற்கு நீளம் மாற்றக்கூடிய குறுக்குக் கம்பி வேண்டும். கேஸ்டர் குறைவதால் நேர்சாலையில் ஸ்டீயரிங் அலையும், அதற்குக் கேஸ்டர் புஷ் வேண்டும். இரண்டு வகையிலும் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

டெல்டாவுக்கு 40 முதல் 50 மி.மீ.க்கு மேல் லிஃப்ட் தேவைப்படும் இடம் அபூர்வம். வயல் சமதளம். உயரம் கூடக் கூட சாய்ந்த கரையில் வண்டி கவிழும் வாய்ப்புத்தான் கூடும்.

அளக்கும் நாள்

அரை நாள் ஒதுக்குங்கள். சமதளம் வேண்டும், சிமென்ட் நெற்களம் இதற்குச் சரியான இடம். ஜாக்கி, ஸ்டாண்டு இரண்டு, இஞ்ச் டேப், கொத்தனார் தூக்குக்குண்டு, சாக்பீஸ், 25 செ.மீ. உயரத்துக்குக் கனமான மரக்கட்டைகள், இரண்டு கைப்பிடி களிமண், உதவிக்கு ஒரு ஆள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். மண் தரையாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் பலகை கட்டாயம்.

முதலில் காற்றைச் சரியான அளவுக்கு வைத்து, வண்டியில் வழக்கமாக ஏறும் ஆள், சாமான் எடைக்குச் சமமாக மூட்டைகளை ஏற்றுங்கள். வெற்று வண்டியை அளந்தால் அளவு பொய் சொல்லும். சக்கர நடு முனையிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். லிஃப்டுக்குப் பிறகு எவ்வளவு ஏறியது, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்பதெல்லாம் இந்த எண்களில்தான் தெரியும்.

தூக்குக்குண்டை ஃபெண்டர் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயர் பக்கச்சுவரின் புடைத்த பகுதிக்கும் உள்ள தூரம்தான் வெளிப்பக்கம் உங்களுக்கு இருக்கும் இருப்பு. டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டக் கூடாது என்பதால் இந்த எண்ணைத் தாண்ட முடியாது. உள்பக்கம், டயருக்கும் கன்ட்ரோல் ஆர்ம் அல்லது பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே விரல் விட்டு, பிறகு டேப் விட்டு அளங்கள்.

அடுத்து ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள். டயரின் முன் மூலை பம்பருக்கும் பின் மூலை ஃபெண்டரின் அடிப்பகுதிக்கும் எவ்வளவு நெருங்குகிறது என்று பாருங்கள். முதலில் உரசுவது பெரும்பாலும் இந்தப் பின் மூலையும் மட்ஃபிளாப்பும்தான். மறுபக்கமும் இதே. பிறகு ரிவர்ஸில் முழுத் திருப்பத்தோடு மெதுவாக நகர்த்திப் பாருங்கள். முன்னே போகும்போது தப்பித்தது பின்னே வரும்போது சிக்கும்.

இப்போது களிமண் சோதனை. பிள்ளையார் பிடிக்கிற பதத்தில் மண்ணைப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக ஃபெண்டர் உள்கவசத்தில் மேலே இரண்டு, முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பம்பர் ஓரத்தில் ஒன்று என்று ஒட்டுங்கள். முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் கட்டை மேல் ஏற்றுங்கள். வண்டி முறுக்கிக்கொள்ளும், அந்த இரண்டு சக்கரமும் பம்ப் ஸ்டாப் வரை அமுங்கும். அமுங்கவில்லை என்றால் கட்டையை உயர்த்துங்கள். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பி, இறக்கி, மறு மூலையில் இதையே செய்யுங்கள். பிறகு உருண்டைகளைப் பெயர்த்துப் பாருங்கள். டயர் பட்ட உருண்டை தட்டையாகியிருக்கும், டயர்க் கட்டையின் அச்சே அதில் பதிந்திருக்கும். மிஞ்சிய தடிமனை அளந்தால் அதுதான் அந்த இடத்தின் மிகக் குறைந்த இடைவெளி. படாத உருண்டைக்கு இன்னும் பெரிதாகப் பிடித்து மறுபடியும் ஒட்டிப் பாருங்கள்.

அந்த எண்ணிலிருந்து புது டயரின் கூடுதல் ஆரத்தைக் கழியுங்கள். விட்டம் 25 மி.மீ. கூடினால் ஆரம் 12.5. கழித்த பிறகு மேலே குறைந்தது 25 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். மலைப்பாதைக்கு 10 போதும். நம் களிமண் டயரோடு சேர்ந்து சுற்றி ஃபெண்டருக்குள் அப்பி, வெயிலில் காய்ந்தால் செங்கல் மாதிரி ஆகும். இடைவெளி குறைவாக இருந்தால் அந்தச் செங்கல் டயரைத் தேய்க்கும், உள்கவசத்தைப் பிய்க்கும், ஏபிஎஸ் சென்சார் ஒயரை இழுத்து அறுக்கும். சக்கரமே சுற்றாமல் நிற்பதும் உண்டு.

மிச்சம் போதவில்லை என்றால் முதலில் மட்ஃபிளாப்பைப் பின்னே தள்ளி மாட்டுங்கள். உள்கவசத்தைச் சூடு காட்டி உள்ளே அழுத்தலாம். பிறகு பம்பர் ஓரத்தை வெட்டலாம். அதற்கும் மேலே தேவைப்பட்டால் சிறிய டயருக்கு இறங்குங்கள். சேஸிஸ் பக்கத்து இரும்பை வெட்டும் யோசனையைப் பட்டறைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ரிம்: அகலமும் ஆஃப்செட்டும்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகலம் உண்டு. 235/75 ஆர்15-க்குக் குறைந்தது 6 இஞ்ச் அகலம் வேண்டும். ஜிம்னியின் கம்பெனி ரிம் 5.5 இஞ்ச். 215/75 அதில் உட்காரும். 235/75-ஐயும் ஏற்றிவிடுவார்கள், ஏறியும் விடும். ஆனால் குறுகிய ரிம்மில் டயர் நடுவில் புடைத்து நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவில் பக்கச்சுவர் ஆடும்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற அளவு. உதாரணத்துக்கு 7 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 40 உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 8 இஞ்ச், ஆஃப்செட் 20 போடுகிறீர்கள். 7 இஞ்சில் பாதி 88.9. உள் விளிம்பு 88.9 + 40 = 128.9, வெளி விளிம்பு 88.9 − 40 = 48.9. புதியதில் பாதி 101.6. உள் விளிம்பு 121.6, வெளி விளிம்பு 81.6. அதாவது உள்ளே 7 மி.மீ. இடம் கிடைத்தது, வெளியே 33 மி.மீ. நீட்டிவிட்டது. தூக்குக்குண்டு காட்டிய இருப்பு 20 என்றால் இந்த ரிம் தள்ளுபடி. சக்கரம் வெளியே போகப் போகத் திரும்பும்போது அது பெரிய வட்டம் போடும், பம்பரில் உரசும். வீல் பேரிங்குக்குச் சுமை கூடும். ஸ்டீயரிங் பள்ளத்தில் கையைப் பிடுங்கும். வாய்க்கால் கரை ஓரத்தில் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

ரிம்மை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் வட்டுதான் ஸ்பேசர். ஹப்பில் நடுத்துளை சரியாகப் பொருந்தாத ஸ்பேசர் வேண்டவே வேண்டாம். எடை முழுவதும் போல்ட்டில் விழும், நட்டு தளரும். வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் ஸ்பேசரும் ஹப்பும் துருவில் ஒட்டிக்கொண்டால் கழற்றச் சுத்தியல்தான்.

சுமை எண்

அளவுக்குப் பக்கத்தில் 100எஸ், 111டி மாதிரி ஒரு குறி இருக்கும். எண் ஒரு டயர் தாங்கும் எடையைச் சொல்லும்: 96 என்றால் 710 கிலோ, 100 என்றால் 800, 105 என்றால் 925, 109 என்றால் 1030, 111 என்றால் 1090. எழுத்து வேக எல்லை: க்யூ 160 கி.மீ., எஸ் 180, டி 190. புது டயரின் சுமை எண் கம்பெனி டயருடையதைவிட ஒருபோதும் குறையக் கூடாது. மட் டயர்களில் க்யூ சகஜம், நம் சாலைக்கு அது போதும்.

அளவுக்கு முன்னால் எல்டி என்று இருந்தால் அது சரக்கு வண்டி வகை. சுவர் தடிமன், கருவேல முள்ளுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் எடை கூடுதல், சவாரி விறைப்பு, அதே சுமையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். கதவில் ஒட்டியிருக்கும் பழைய பி.எஸ்.ஐ. அதற்குப் பொருந்தாது. சீமைக்கருவேலப் புதர் நடுவே தினம் போகிறவருக்கு எல்டி சரி. வாரம் ஒரு நாள் வயலுக்கும் மற்ற நாள் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டுபோகிறவருக்குச் சாதாரண ஆல் டெரெய்ன் (எல்லாத் தரைக்குமான டயர்) போதும். மட் டெரெய்ன் சேற்றைத் தானாக உதறும், அது உண்மை. ஆனால் ஐப்பசி மழையில் நனைந்த தார்ச்சாலையில் அதன் பிரேக் பிடிப்பு குறைவு, இரைச்சலும் தனி.

இன்ஜினும் பிரேக்கும் மீட்டரும்

விட்டம் 5 சதவீதம் கூடினால் எல்லா கியரும் 5 சதவீதம் நீண்டதாகிவிடும். மேலே இழுக்கத் திணறும், கீழ் கியரில் சேற்றில் ஊர்ந்து போகும் வேகமும் கூடும். இதைவிடப் பெரியது எடை. பழைய டயரையும் புது டயரையும் நெல் மூட்டை போடும் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு டயருக்கு 5, 6 கிலோ வித்தியாசம் வருவது அரிதல்ல, அந்த எடை முழுவதும் சக்கரத்தின் விளிம்பில் இருக்கிறது. சுற்றிவிடவும் நிறுத்தவும் இரண்டுக்குமே சக்தி அதிகம் வேண்டும். பிரேக் மாறவில்லை, டயர் மட்டும் கனத்திருக்கிறது என்பதை முதல் சில நாள் மறக்காமல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும். அதே 5 சதவீதக் கணக்கில், பழைய டயரில் 80 ஓடிய இடத்தில் இப்போது 84 ஓடுவீர்கள், முள் 80-லேயே நிற்கும். ஓடோமீட்டரும் அப்படித்தான்: உண்மையில் 1000 கி.மீ. ஓடினால் 952 என்று பதியும். "டயர் மாத்தினதிலிருந்து மைலேஜ் விழுந்துடுச்சு" என்ற புலம்பலில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைதான். போன் ஜிபிஎஸ்ஸை வைத்து 60, 80-இல் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

3 சதவீதம் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. 5-ஐத் தொட்டால் இன்ஜின் இழுவையில் தெரியும். அதற்கு மேல் போகிறவர் டிஃபரன்ஷியல் பல்லையும் மாற்றத் தயாராக வேண்டும், நம் சமவெளிக்கு அந்தச் செலவு வீண்.

ஸ்டெப்னியை மறந்தால்

ஐந்து டயரும் ஒரே அளவு. நான்கு வாங்கிவிட்டு ஸ்டெப்னி பழையதாகவே இருந்தால், பஞ்சரான அன்று ஃபோர் வீல் போட முடியாது. முன்னும் பின்னும் விட்டம் மாறினால், இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு கியர் கழலாது. பின் ஆக்சிலில் இடதுக்கும் வலதுக்கும் மாறினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடேறும். பின் கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டிகளில் பெரிய டயரின் எடையால் கதவுக் கீல் தொய்யும், மூடும்போது தூக்கி மூட வேண்டியிருக்கும். கீல் போல்ட்டை இறுக்கி, ரப்பர் முட்டுக் கொடுங்கள். டயர் நடுவில் வைத்திருக்கும் நம்பர் பிளேட், விளக்கு மறைகிறதா என்றும் பாருங்கள்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. உங்கள் மாடலின் வேறு ரகத்துக்குத் தயாரிப்பாளரே கொடுக்கும் அளவுக்குள் இருந்தால் வம்பு குறைவு. லிஃப்டும் பெரிய டயரும் போட்டால் தகுதிச் சோதனையிலும் விபத்துக் காப்பீட்டிலும் கேள்வி வரும். மாற்றுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். பழைய ரிம், டயர், ஸ்பிரிங் எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

மாட்டிய பிறகு

ஒரேயடியாக நான்கையும் மாட்ட வேண்டாம். ஒரு முன் டயரை மட்டும் ரிம்மில் ஏற்றி, இரண்டு பக்கமும் மாற்றி மாட்டி, களிமண் சோதனையை மறுபடி செய்யுங்கள். உரசினால் மீதி மூன்றைக் கடையில் திருப்ப இன்னும் வழி இருக்கும். வாங்கும்போதே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது.

எல்லாம் மாட்டியதும் பேலன்சிங், அலைன்மென்ட். அலைன்மென்ட் சீட்டைக் கையில் வாங்கிக் கேஸ்டர் எண்ணைப் பாருங்கள், டோ (சக்கரங்கள் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்புவது வழக்கம். வீல் நட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். முன்பக்கம் உயர்ந்திருப்பதால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், இறக்கி வையுங்கள். பெரிய டயர் வந்ததும் ஆழமான தண்ணீரில் இறங்கும் துணிச்சலும் வரும். அதனால் ஆக்சில் பிரீதர் குழாயை (ஹவுசிங் மூச்சு விடும் குழாய்) பானெட் உயரத்துக்கு நீட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சூடான ஹவுசிங் வாய்க்கால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கியர் ஆயில் மோர் நிறத்தில் வரும்.

காற்று: சாலைக்குக் கம்பெனி அளவு அல்லது டயர் வகைக்கு ஏற்றது. வயல், கரைச் சேற்றுக்கு 20 முதல் 22 பி.எஸ்.ஐ. மணலுக்கு 16 முதல் 18. 15-க்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழலலாம். காற்று குறைத்த டயரில் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, தார்ச்சாலை ஏறும் முன் நிரப்ப 12 வோல்ட் கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்க வேண்டும். ஊர்க் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

முதல் மழைக்காலச் சேற்றுக்குப் பிறகு, மண் காய்வதற்குள் ஃபெண்டருக்குள் நீர் பாய்ச்சிக் கழுவி, டார்ச் அடித்துப் பாருங்கள். உள்கவசத்தில் எங்காவது தேய்ந்து பளபளப்பாகத் தெரிந்தால், டயர் பட்டது அங்கேதான்.